குண்டுக் கொட்டாய் வரி

துப்பாக்கி சுடுவதற்கென்றே திருச்செங்கோட்டில் ஒரு கொட்டகை கட்டினார்கள். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எருமைக் கன்றோடு காடுமேடெல்லாம் ஓடித் திரிந்த வயசு அது. இன்றைக்கு அந்தக் கொட்டகை இல்லை. யுத்தம் வந்ததும் தோட்டா கிடைக்காமல் போய், பருத்தி மூட்டை அடுக்கும் கிடங்காகி, பிறகு ஓடும் போய்ச் சுவரும் போயிற்று. அதில் யார் யார் குறி பார்த்துச் சுட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. ஆனால் அதைக் கட்டப் பக்கத்துக் கிராமமான எங்கள் ஊரில் வரி போட்டவர் என் அப்பா. அந்த வரி எங்கள் குடும்பத்தில் செய்த வேலை மட்டும் மறக்கவில்லை.

அப்பா வெள்ளாமைக்காரர். ஆனால் சேலத்தில் சில வருஷம் தங்கி ஹைஸ்கூலில் படித்தவர், இங்கிலீஷ் பேப்பர் வாசிப்பவர். அதனால் திருச்செங்கோட்டு கிளப்பில் அவரையும் மெம்பராகச் சேர்த்திருந்தார்கள். வக்கீல், டாக்டர், சப் ரிஜிஸ்திரார் என்று பெரிய மனிதர்கள் சாயங்காலம் கூடி, சீட்டாடி, சோடா குடித்துவிட்டுக் கலையும் இடம் அது. மாற்றலாகிப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் தன்னுடைய சின்னத் துப்பாக்கிகள் இரண்டை கிளப்புக்கு அன்பளிப்பாக விட்டுப் போனார். வந்தது வினை. துப்பாக்கி இருந்தால் சுட வேண்டும். வெட்டவெளியில் சுட்டால் சந்தை மாடுகள் மிரண்டு ஓடும் என்பதால், நாலு பக்கமும் சுவர் வைத்து மேலே ஓடு போட்டு உள்ளேயேதான் சுட வேண்டும் என்ற நிபந்தனையோடு லைசென்ஸ் வந்தது. நீளமான கட்டடம் வேண்டும். கடைசியில் குண்டு போய்ப் புதைய மண்மேடு வேண்டும். மண்மேட்டுக்குப் பின்னால் பனந்துண்டுகளை அடுக்க வேண்டும்.

மெம்பர்கள் கொடுத்த பணம் சுவர் இடுப்பளவு எழும்பும் வரை வந்தது. அதோடு நின்றுவிட்டது. மீதியைச் சேர்க்கிற பொறுப்பு கிளப்பின் பொக்கிஷதாரரான அப்பா தலையில் விழுந்தது. அவருக்குப் பணம் வசூலிக்கத் தெரிந்தது ஒரே வழிதான். மாரியம்மன் நோம்பிக்கு எப்படி வசூலிப்பாரோ அப்படி.

எங்கள் ஊர் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். ஏழை பணக்காரன் என்றில்லை, வீட்டுக்கு ஒரே வரி. நோம்பி சாட்டுகிற அன்று, அதாவது திருவிழாவை அறிவிக்கிற அன்று, ஊர் முழுக்கக் கோயில் வாசலில் கூடும். தண்டல்காரர் ஒவ்வொரு தலைக்கட்டின் பேரையும் உரக்கக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆண் எழுந்து "இருக்குதுங்க" என்று சொல்லித் தட்டில் பணத்தை வைப்பார். பூசாரி ஒரு வேப்பங்கொத்து கொடுப்பார். அதைக் கொண்டுபோய் வீட்டு நிலைப்படியில் செருகிவிட்டால் அந்த வீடு ஊரோடு சேர்ந்த வீடு. நோம்பி மாதத்தில் கொத்து இல்லாத வாசல் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் அத்தையின் வாசல்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். வாழப்போன ஊரில் மாமா செத்துப்போனதும், பிள்ளைகுட்டி இல்லாததால் பிறந்த ஊருக்கே வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தவள். தாத்தா உயிரோடு இருந்தபோது அவள் பாட்டுக்கு இருக்கட்டும் என்று ஊர்க்கோடியில் ஒரு மேட்டுக்காட்டையும் ஓட்டுவீட்டையும் வாய்ச்சொல்லாக விட்டிருந்தார். அத்தை அந்தக் காட்டில் தானே நின்று கடலைக்காய் போட்டாள், எருமை வளர்த்தாள், மோர் விற்றாள். யாரிடமும் தலை தாழ்த்த மாட்டாள். அம்மாவுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். எனக்கு மட்டும் அவள் வீட்டு மோரும் வெல்லமும் எப்போதும் உண்டு.

ஒவ்வொரு நோம்பிக்கும் அத்தை அப்பாவிடம் வருவாள், தன் வரியைத் தனியாக எடுத்துக்கொள்ளச் சொல்வாள். அப்பா சிரித்துக்கொண்டே தட்டிக் கழிப்பார். நம் வீட்டு வரியில் நீங்களும் அடக்கந்தானே அக்கா என்பார். அத்தை முந்தானையில் முடிந்த பணத்தோடு திரும்பிப் போவாள். அவளுக்குச் சேர வேண்டிய பொங்கலையும் தேங்காய்மூடியையும் அம்மா ஒரு தூக்குப் போசியில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்புவாள். அத்தை அதை வாங்கி எருமைத் தொட்டியில் கவிழ்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அத்தைக்குப் பொங்கல் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

துப்பாக்கிக் கொட்டகைக்கு அப்பா வரி போட்டதும் ஊர் முதலில் திகைத்தது. எவனோ சுடுவதற்கு நாம் எதற்குக் காசு கொடுப்பது என்று கேட்டார்கள். அப்பா விடவில்லை. கோயிலில் வரி கொடுத்தவனுக்குக் கொத்து, கொட்டகைக்கு வரி கொடுத்தவனுக்குத் திறப்பு நாளில் ஒரு குண்டு இலவசம், அதற்குப் பிறகும் மெம்பர் விலைதான் என்று வாக்குக் கொடுத்தார். இதைக் கேட்ட கிளப் கமிட்டியில் பெரிய விவாதம் நடந்ததாம். ஒரு குண்டுக்கு என்ன விலை வைப்பது என்பதே அதுவரை முடிவாகாமல் கிடந்தது. விலை குறைவாக இருந்தால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று வக்கீல் பயந்தார். அதிகமாக இருந்தால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று டாக்டர் பயந்தார். மெம்பருக்கு அரையணா, வெளியாளுக்கு இரண்டணா என்று எழுதினார்கள். வரி கொடுத்த கிராமத்தான் மெம்பரா வெளியாளா என்று கேள்வி வந்தபோது, கூரைக்கு ஓடு வாங்கக் காசில்லாத நிலைமை வக்கீலின் வாயை அடைத்துவிட்டது.

அப்பா எங்கள் வீட்டு முற்றத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்து வரி வாங்கினார். பாதிப் பேர் வரவில்லை. அப்போதுதான் அத்தை வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தைக் கட்டிலின் மேல் வைத்தாள்.

"என்ற பேர்ல எழுது சாமி. உன்ற ஊட்டோட சேத்தாதே."

அப்பா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். துப்பாக்கிக் கொட்டாய்தானே, மாரியம்மன் கோயிலா என்று நினைத்திருப்பார். பணம் வேறு போதாமல் இருந்தது. எழுதிவிட்டார்.

திறப்பு நாளன்று ஊரே வண்டி பூட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குக் கிளம்பியது. நான் அத்தையின் மடியில் உட்கார்ந்து போனேன். கிளப்பு மனிதர்கள் கோட்டுப் போட்டு வரிசையாக நாற்காலியில் இருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தலைப்பாகையோடு கொட்டகைக்குள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்து வக்கீல் முகத்தைச் சுளித்தார். அப்பா எதையும் கவனிக்கவில்லை. நோம்பிக்குக் கூப்பிடுகிற அதே தண்டல்காரரை முன்னால் நிறுத்தி, அதே ராகத்தில் பேர்களைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக "இருக்குதுங்க" என்று போனார்கள். வேட்டைப் பழக்கமுள்ள டாக்டர் மணல்மூட்டையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்துக் கொடுத்தார். சுட்டவர்கள் தோளைத் தடவிக்கொண்டு திரும்பினார்கள். கூட்டம் சிரித்தது.

அப்போது தண்டல்காரர் "பாவாயி" என்றார்.

சுவரோரம் அத்தையின் மடியில் உட்கார்ந்திருந்த நான் யாரது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். என்னை மடியிலிருந்து இறக்கி விட்டுவிட்டு அத்தை எழுந்தாள். அதுவரை அவளுக்கு ஒரு பேர் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. எனக்கு அவள் அத்தை, அப்பாவுக்கு அக்கா, ஊருக்கு மேட்டுக்காட்டுக்காரி. சிரிப்பு அடங்கிவிட்டது. தன் குண்டைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அப்பா கூடக் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அத்தை அவரைத் தாண்டிப் போனாள். "இருக்குதுங்க" என்று கொட்டகையின் அந்தக் கோடி வரை கேட்கிற மாதிரிச் சொன்னாள். டாக்டர் சொன்னபடி துப்பாக்கிக் கட்டையைத் தோளில் அணைத்துச் சுட்டாள். குண்டு குறி அட்டையில் படவே இல்லை. எங்கே போயிற்று என்று அவள் பார்க்கவும் இல்லை. கீழே தெறித்து விழுந்த பித்தளைத் தோட்டாக்கூட்டைக் குனிந்து எடுத்து, சூடு ஆறும் வரை ஊதி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அத்தை வண்டியில் என் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

அந்த வருஷ நோம்பிக்கு வரி பேச ஊர்க்கூட்டம் கூடியபோது அத்தை நேராக ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் போய் நின்றாள். முடிச்சை அவிழ்த்துத் தோட்டாக்கூட்டை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"குண்டுக் கொட்டாய்க்கு வரி வாங்கயில நானொரு தலைக்கட்டு. மாரியாயிக்கு வரி வாங்கயில நான் ஆருங்க?"

ஊர்க்கவுண்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். பிறகு பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். கொட்டாய் வேறு, கோயில் வேறு என்றார் ஒருவர். தாலியறுத்தவள் தலைக்கட்டு ஆனால் நாளைக்கு எல்லா வீட்டிலும் இதே கேள்வி வரும் என்றார் இன்னொருவர். கடைசியில் ஊர்க்கவுண்டர் விஷயத்தை உடைத்துச் சொன்னார். கோயில் வாசலில் தனித் தலைக்கட்டென்று பேர் படித்தால் அந்த மேட்டுக்காடும் தனியென்று ஊரே ஒத்துக்கொண்ட மாதிரி. நாளைக்கு அவள் அதை யாருக்கு எழுதி வைத்தாலும் தம்பி கேட்க முடியாது. யோசித்துச் செய், கொட்டாய் வரி தெரியாமல் வாங்கியது என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா கிளப்பு வக்கீலிடமும் கேட்டாராம். அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து.

வீட்டில் அம்மா அடுப்படியிலிருந்தபடி பேசிக்கொண்டே இருந்தாள். மூன்று பெண்களைப் பெற்று வைத்திருக்கிறோம், அந்தக் காட்டை நம்பித்தான் மூத்தவள் கல்யாணத்தைப் பேசியிருக்கிறோம் என்றாள். அம்மா சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. விடிந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டு, அத்தை கொட்டகைக்குக் கொடுத்த பணத்தை ஒரு துணியில் முடிந்து கொடுத்தார். தானே போக அவருக்குக் கால் எழவில்லை என்று இப்போது தெரிகிறது.

அத்தை எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். நான் முடிச்சை நீட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. எருமையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"பணத்த உங்கப்பன் திருப்பிக் குடுத்துருவான். சுட்ட குண்ட நான் எப்பிடிச் சாமி திருப்பிக் குடுக்கறது? போய்க் கேட்டுட்டு வா."

எனக்கு அது பெரிய வேடிக்கையாகப் பட்டது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓடிவந்து, அத்தையின் குரலிலேயே அப்பாவிடம் சொல்லிக் காட்டினேன். அப்பா சிரிக்கவில்லை. முடிச்சை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நல்ல வேடிக்கையைக் கொண்டுவந்தால் ஒரு பாராட்டுக்கூட இல்லையே என்று.

நோம்பி சாட்டுகிற நாள் வந்தது. ஊர் முழுக்கக் கோயில் வாசலில் கூடியிருந்தது. வெள்ளைச் சேலைக்காரிகள் வழக்கம்போலக் கூட்டத்துக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றார்கள். அத்தையும் அங்கேதான் நின்றாள். தண்டல்காரர் அப்பா பேரைக் கூப்பிட்டார். அப்பா பணத்தை வைத்துக் கொத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் திரும்பி வந்து உட்காரவில்லை. தண்டல்காரரின் காதில் ஏதோ சொன்னார். தண்டல்காரர் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார். ஊர்க்கவுண்டர் அப்பாவைப் பார்த்தார்.

"கூப்புடுங்க," என்றார் அப்பா.

"பாவாயி," என்று கூப்பிட்டார் தண்டல்காரர். கொட்டகையில் கூப்பிட்ட குரல் இல்லை அது. ராகம் வரவில்லை.

புளியமரத்தடியிலிருந்து பதில் இல்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். வாயைத் திறந்தாள். "இருக்குதுங்க" என்று சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா சொன்னார், "கேட்டுதுங்க அக்கா."

அத்தையின் பணத்தை நான்தான் கொண்டுபோய்த் தட்டில் வைத்தேன். கொத்தையும் நான்தான் வாங்கி வந்தேன். அதை அவள் நிலைப்படியில் செருகும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வேப்பிலை பட்டுவிட்டதா அத்தை என்று கேட்டேன். ஆமாம் சாமி என்றாள்.

வீட்டுக்கு வந்தால் அம்மா அப்பாவோடு பேசவில்லை. நோம்பி முடிந்த பிறகும் பேசவில்லை. நோம்பிக்குப் புதுச் சேலை எடுத்துத் தராத கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தை மாதம் நடக்க இருந்த அக்காவின் கல்யாணம் ஏன் தள்ளிப்போயிற்று என்றும் நான் கேட்கவில்லை. அப்பா அன்றைக்குக் கோயில் வாசலில் அத்தைக்கு ஒரு வேப்பங்கொத்து வாங்கிக் கொடுத்தார் என்றுதான் ரொம்ப வருஷம் வரைக்கும் நான் எண்ணியிருந்தேன். அவர் கொடுத்தது மேட்டுக்காடு.