மிலிட்டரி ஓட்டல் காதர் பாயின் கால்

நான்தான் அப்போதே சொன்னேனே! காதர் பாய் தன் பட்டாளத்துக் கதையைப் பற்றி வாய் திறக்காமலே போய்விடுவார், அப்புறம் ஊரே என்னிடம்தான் வந்து கேட்கும் என்று. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை அவர் மகள் ரஹீமா, "மாமா, அத்தா போயிட்டாரு" என்று போனில் அழுதபோது, பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ட்யூப் என் கையிலிருந்து நழுவிவிட்டது.

கடைத்தெருக்காரர்களே, கறிச்சாப்பாட்டுக் கடைக்கு 'மிலிட்டரி ஓட்டல்' என்று போர்டு வைத்ததால்தான் அவருக்கு 'மிலிட்டரி பாய்' என்று பேர் வந்ததாக நினைத்தீர்கள். "பாய், நீங்க மிலிட்டரியா?" என்று யாராவது கேட்டால், "ஆமாங்க. தலைக்கறி இருக்கு, குடல் இருக்கு. எது வைக்கட்டும்?" என்பார்.

திருவண்ணாமலையிலேயே உண்மையைக் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான். எட்டாவது தாண்டாதவன், ஆனால் கண் கூர்மை. ஒரு பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் என்பதால் கறிக்கடைக்கு விடுமுறை. ஒட்டடை அடிக்க பாய்க்குத் துணையாகப் போனேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் தகரப்பெட்டி. மூடியில் அவர் பெயரும் பட்டாள நம்பரும். உள்ளே துணியில் சுற்றிய மெடல்கள், ஒரு கிலோ தேறும்.

"இத்த சட்டையில குத்திக்கினா என்ன பாய்?"

"கூட இருந்தவங்கள்ல பாதிப் பேரு திரும்பி வரலய்யா. நான் மட்டும் குத்திக்கினு யாருக்குக் காட்டறது?" பெட்டியை மூடிவிட்டார்.

எனக்குத் தாங்குமா? எல்லையில் குண்டு பாய்ந்ததால்தான் அவர் நொண்டுகிறார் என்று வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னேன். செங்கம் ரோட்டு ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள்கூட வந்து அந்தக் காலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று பாய் பரிமாறியபோது என் இலையில் மட்டும் வெறும் எலும்பாக விழுந்தது.

இப்போது இரங்கல் கூட்டத்துக்கு 'குண்டடிபட்ட வீரர்' என்று பேனர் அடிக்கப் போகிறீர்கள். நேற்று ரஹீமா கேட்டாள்: "எந்த ஊர்ல குண்டு பட்டுது மாமா? பெத்த பொண்ணு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. உங்ககிட்ட மட்டும் சொன்னாராமே?"

அதற்குப் பதிலைத்தான் ஊருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ரஹீமா, உன்னிடம் மறைத்து என்னிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்தக் குண்டு நான் விட்டது. பேனரில் போட வேண்டாம். கடை திறந்த புதிது, நீ கைக்குழந்தை. மாட்டுச் சந்தைக் கூட்டத்துக்கு வடித்த சோற்று அண்டாவை அவரும் ஒத்தாசைக்குப் போன நானும் இறக்கினோம். சூடு தாங்காமல் கையை விட்டவன் நான். அண்டா அவர் காலில் விழுந்தது; அந்த நொண்டல் அன்று வந்ததுதான். எழுந்ததும் ஒரு பிடிதுணியை என்னிடம் நீட்டி, "அடுத்த தரம் இத்த வெச்சு புடிய்யா" என்றார்.

அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் துணி என்னிடம் இருக்கிறது.