இன்னும் மூன்று குச்சி

நான் இரண்டாம் வகுப்பு வரை படித்தவள். அதிலும் பாதி நாள் நாற்று நடப் போய்விட்டேன், அதனால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்ட பாதியைத்தான் இப்போது தினமும் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருக்கிறேன். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய சின்னப் பள்ளிக்கூடம். அங்கே நான் பெருக்குகிற ஆயா. என் பேத்தியும் அங்கேதான் இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தன் ஆயாவை ஆயா என்று கூப்பிடுகிறார்களே என்று அவளுக்கு எப்போதும் ஒரு வயிற்றெரிச்சல்.

அவளுடைய அம்மா, அதாவது என் மகள், நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். இருமல் வந்தது, போகவில்லை. காச நோய் என்றார்கள். வேலையை விட்டு வீட்டோடு படுத்தாள். மருமகன் எங்கே என்று கேட்காதீர்கள், அது அவருக்கே தெரியாது.

மாதம் ஒரு முறை மூன்று பேரும் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். மாத்திரை தொடர்ந்து போவதால் இனிமேல் பிள்ளைக்குத் தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார். எடை ஏற வேண்டும். ஏறினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இறங்கிக்கொண்டே போனால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். பேத்தி பக்கத்திலேயே நின்று இதைக் கேட்டாள். பிள்ளைகளுக்குக் காது இல்லை என்று பெரியவர்களுக்கு ஒரு நினைப்பு.

அங்கே தரையில் வைத்த எடை மிஷின். மேலே ஏறி நின்றால் சிவப்பு எழுத்தில் எண் விழும். புள்ளிக்குப் பின்னால் வருவதைப் பார்க்க வேண்டாம் என்று நர்சம்மா சொல்லிக் கொடுத்ததிலிருந்து, எண்ணைப் படிக்கிற உத்தியோகத்தைப் பேத்தி எடுத்துக்கொண்டாள். முதல் மாதம் நாற்பத்தொன்று. அடுத்த மாதம் முப்பத்தொன்பது. அதைப் படித்துவிட்டு அவள் குதித்தாளே ஒரு குதி!

"ஏறிட்ச்சிம்மா! ஏறிட்ச்சி!"

"இன்னாடி ஏறிட்ச்சி?" என்றாள் என் மகள்.

"போன தபா நாலு, ஒன்னு. இப்போ ஒம்போது கீது பாரு. ஒம்போதுதான பெருசு?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். ஒன்றரை வகுப்பு படித்த எனக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியாதா? ஆனால் பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். "ஆமாண்டி, ஏறிட்ச்சி. இன்னும் கொஞ்ச நாள்ல உங்க ஆயா மாதிரி ஆயிடுவேன், பஸ்ல ரெண்டு டிக்கெட்டு வாங்கணும்" என்றாள். பஸ் வரும்வரை அந்த ஒன்பதைப் பற்றியே மூன்று பேரும் பேசினோம்.

பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் எந்த எண் பெரியது, எந்த எண் சிறியது என்ற பாடம் ஆரம்பித்திருந்தது. டீச்சர் கூடுவாஞ்சேரியிலிருந்து வருகிற சின்னப் பெண். நல்ல பெண். போர்டில் ஒரு முதலையின் வாயை வரைந்து, "முதலைக்குப் பசி. அது எப்பவும் பெரிய எண்ணைப் பாத்துதான் வாயைத் தொறக்கும்" என்றாள். வேறு ஊராக இருந்தால் பிள்ளைகள் தலையாட்டியிருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் இதே சாலையில் இருக்கும் முதலைப் பண்ணைக்குப் போய் நிஜ முதலையைப் பார்த்தவர்கள்.

"டீச்சர், அது சாப்ட தொறக்காது. வெக்கைக்கு தொறந்துகினு சும்மா கெடக்கும்."

"எதிர்ல மீன் கீது டீச்சர், அத்தக்கூட துன்னல. அப்டியே கெடந்திச்சி."

"கிட்ட இன்னா வருதோ அத்தத்தான் கடிக்கும். பெருசு சின்னதுலாம் பாக்காது."

வகுப்பு முழுக்க முதலையின் கட்சி. நோட்டில் எந்தப் பக்கம் வாயைத் திறந்து வைப்பது என்பது அவரவர் முதலையின் இஷ்டம் ஆகிவிட்டது. கையில் துடைப்பத்தோடு வாசலில் நின்று நானும் சிரித்தேன். டீச்சர் முதலையை அழித்துவிட்டு வெளியே வந்தாள்.

"ஆயாம்மா, நாளைக்கு எனக்கு நெறைய தென்னங்குச்சி வேணும். பத்துப் பத்தா கட்டு கட்டி எண்ண வைக்கப் போறேன்."

"இன்னாத்துக்கு டீச்சர்? அடிக்கவா?"

"அய்யோ, இல்ல ஆயாம்மா. பத்து சேந்தா ஒரு கட்டு. கட்டுக்கு ஒரு எடம், மிச்சக் குச்சிக்கு ஒரு எடம். அப்பதான் மொதல்ல கட்டத்தான் பாக்கணும்னு புரியும். இப்ப எல்லாம் கடைசி எண்ணத்தான் பாக்குதுங்க. உங்க பேத்தியும்தான்."

என் சிரிப்பு அதோடு நின்றது. பேத்திக்கு இது புரிந்துவிட்டால் அந்த ஒன்பது என்ன ஆகும்?

"டீச்சர், இந்தப் பாடத்த கொஞ்சம் தள்ளிப் போட்டா இன்னா? பொங்கலுக்கு அப்பால வெச்சிக்கலாமே. மழக்காலத்துல கணக்கு நனஞ்சிடும்" என்றேன்.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். "உங்களுக்கு எல்லாமே தமாசுதான் ஆயாம்மா."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வருஷம் முழுக்கத் தமாஷ் பேசுகிறவள் ஒரு நாள் நிஜமாகக் கெஞ்சினால் யாருக்குத் தெரியும்? வீட்டுத் துடைப்பத்திலிருந்து பாதியை உருவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் வீட்டைக் கூட்டினால் குப்பை நகர்ந்து உட்காரும், அவ்வளவுதான்.

மறுநாள் பிள்ளைகள் குச்சிகளை எண்ணி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டார்கள். "யார் முன்னாடி வரீங்க?" என்று டீச்சர் கேட்டதும் பேத்திதான் முதலில் ஓடினாள். எண்ணையும் அவளே சொன்னாள்.

"முப்பத்தொம்போது, நாப்பத்தொன்னு. எங்கம்மா நம்பர் டீச்சர்!"

டீச்சருக்கு அது என்னவென்று தெரியாது. எடுத்து வைக்கச் சொன்னாள். ஒரு பக்கம் மூன்று கட்டு, ஒன்பது உதிரிக் குச்சி. இன்னொரு பக்கம் நாலு கட்டு, ஒரே ஒரு குச்சி. பேத்தி இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். ஒன்பது உதிரிக் குச்சிகளையும் கையில் அள்ளி, நாலாவது கட்டின் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தாள். ஒரு குச்சி குறைந்தது. மறுபடியும் அளந்தாள்.

"எது பெருசும்மா?"

"நாப்பத்தொன்னு."

"வெரி குட்! எல்லாரும் கை தட்டுங்க!"

எல்லாரும் தட்டினார்கள். அவள் மட்டும் கூட்டத்தைத் தாண்டி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். என்ன முகம் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து, குப்பையே இல்லாத இடத்தைப் பெருக்கினேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அம்மா தட்டில் வைத்தாள். "எனக்கு இன்னாத்துக்குடி? நான்தான் ஏறிட்டேனே" என்றாள் மகள். "இன்னும் ஏறு" என்றாள் பேத்தி.

அடுத்த மாதம் செங்கல்பட்டுக்குப் போனோம். மகள் மிஷின்மேல் ஏறினாள். பேத்தி எப்போதும் எண் தெரிகிற பக்கம் நிற்பவள், அன்று அம்மாவின் பின்னால் போய் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நர்சம்மா குனிந்து பார்த்தார்.

"பரவால்லியே, நாப்பத்தி மூணு!"

என் மகளின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. "நெஜமாவா சிஸ்டர்?" என்றாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் எண் நாற்பத்தைந்து ஆனது, பிறகு நாற்பது, மறுபடியும் நாற்பத்தி மூன்று.

"இன்னாடி இது, ஏறி ஏறி எறங்குது?" என்று நர்சம்மா எட்டிப் பார்த்தார். மகளின் குதிகாலுக்குப் பின்னால், புடவைக்கு அடியில், மிஷினின் ஓரத்தில் ஒரு சின்னப் பாதம். பாரத்தை எல்லாம் அதில் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் பேத்தி.

"ஏய், கால எடு. எடும்மா, கண்ணு."

எடுத்தாள். எண் இறங்கி நின்றது. அதைப் படிக்கிற உத்தியோகம் அவளுடையது. நர்சம்மா நகர்ந்து அவளுக்கு வழி விட்டார். மகள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"முப்பத்தேழு" என்றாள் பேத்தி.

டாக்டர் மருந்தை மாற்ற வேண்டும் என்றார். மகளை அன்றே பெட்டில் சேர்த்துக்கொண்டார்கள். "உனக்கு ஒக்காந்த எடத்துல சோறு. எனக்கு யாரு போடுவா?" என்றேன் அவளிடம். அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. பேத்தியின் கையை எடுத்து என் கையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாங்கள் இரண்டு பேர். வீட்டுக்கு வந்ததும் பேத்தி துடைப்பத்தில் மிச்சமிருந்த குச்சிகளையும் உருவினாள். மூன்று கட்டு கட்டினாள். பக்கத்தில் ஏழு உதிரி. ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்தாள்.

"ஆயா, இன்னும் மூணு குச்சிதான். வந்துட்ச்சின்னா நாலாவது கட்டு கட்டிடலாம்."

"கட்டலாம்டி."

நாலாவது கட்டுக்கான ரப்பர் பேண்டை அவள் மணிக்கட்டில் மாட்டியிருக்கிறாள். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. தூங்கும்போது நான் கழற்றப் பார்த்தேன், கையை இழுத்துக்கொண்டாள். சிவப்பாகத் தடம் விழுந்திருக்கிறது. நாளைக்கு மறுபடியும் செங்கல்பட்டு போகிறோம்.