எங்கள் காட்டுக்கு ஒரு வாய்த் தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில், திருச்செங்கோட்டுக்கும் எடப்பாடிக்கும் நடுவே இருக்கும் எங்கள் காட்டில் நடந்தது இது. காடு என்றால் மரங்கள் அடர்ந்த காடு என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம்.

நான் ரிக் வண்டியில் டிரில்லர். அடுத்தவர் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டு போர் இறக்குவதுதான் பிழைப்பு. எங்கள் ஊர் ரிக் வண்டிகள் போகாத தேசம் குறைவு. என்னுடைய வருடமும் தான்சானியா, உகாண்டா, எத்தியோப்பியா என்று பங்கு பிரிந்து கிடந்தது. ஒரு நாட்டில் மழை பிடித்தால் வண்டி அடுத்த நாட்டுக்கு நகரும், பின்னாலேயே நாங்களும் நகர்வோம். எங்கேயும் வேலை இல்லாமல் மிச்சம் விழுகிற நாட்கள்தான் ஊருக்கு. என் ரேஷன் கார்டு புத்தம் புதுசாக இருக்கும், பாஸ்போர்ட்தான் நைந்து கிடக்கும்.

அந்த முறை நான் ஊருக்குக் கிளம்பும்போது முதலாளி, குடும்பத்தையும் ஆப்பிரிக்காவுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடச் சொன்னார். வீடு, மகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. காட்டில் ஏற்கெனவே போட்ட இரண்டு போரிலும் தண்ணீருக்குப் பதில் புகைதான், அதாவது கல்தூசிதான் வந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் வேறு விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். என் மனைவிதான் அந்தப் பொட்டல் காட்டில் நாலு ஆட்டை வைத்துக்கொண்டு விடாப்பிடியாக நின்றாள். ஊரை விட்டு வர அவளுக்கு மனசில்லை. ஆனால் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏனுங்க, மூணு நாட்டுக்குத் தண்ணி குடுத்தீங்க. நம்ம காட்டுக்கு ஒரு வாய் குடுங்க பாக்கலாம். வரலீன்னா காட்டை வித்துப்போட்டு நானும் கெளம்பி வாரேன்."

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. ரிக் வைத்திருக்கும் பள்ளிக்கூடத்து நண்பனிடம் சொல்லி, இரண்டு வேலைகளுக்கு நடுவில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, மனைவி தேங்காய் உடைத்ததும் வண்டி முழங்க ஆரம்பித்தது.

எத்தனையோ பேருடைய நிலத்தில் லீவரைப் பிடித்து நின்றவன் நான். அன்றைக்குத்தான் முதன்முறையாகக் காட்டுக்காரனாக நின்று வேடிக்கை பார்த்தேன். துளை போடும் ராடு ஒவ்வொன்றாக இறங்க இறங்க எண்ணிக்கொண்டே நின்றேன். வெள்ளை வெளேரென்று கல்மாவு பறந்து ஆடுகளின் மேலெல்லாம் படிந்தது. கல்லுக்குள் இறங்கின பிறகு மத்தியானம் வரைக்கும் ஈரத்தின் வாசனைகூட இல்லை.

தண்ணீரே இல்லை என்று எங்கள் ஊரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இன்னும் ஆழம் போகவில்லை என்றுதான் சொல்வார்கள். நண்பனும் அதையேதான் சொன்னான்.

"இன்னும் ரெண்டு ராடு உடலாம் மாப்ள. வந்துரும்."

இதே வார்த்தையை நானும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் அதை எவ்வளவு நம்பலாம் என்று எனக்குத் தெரியும். சரி, காடு போனது என்று உள்ளுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

அப்போதுதான் மனைவி முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங்க, காலைல மொதல்ல சேறாட்டம் கொளகொளன்னு வந்துச்சே, அந்தத் தண்ணி எங்கீங்க போச்சு?"

பதில் சொல்லப் போனபோதுதான் எனக்கே உறைத்தது. அது எங்கேயும் போகவில்லை. நாங்கள்தான் அதை அடைத்திருந்தோம். மேல்மண் சரியாமல் இருக்க, கல் தட்டும் வரை கேசிங் பைப்பை இறக்கி மூடிவிட்டு, அதற்குக் கீழே தண்ணீர் தேடுவதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். மேலே கசிவதை ஒரு தண்ணீராகவே நாங்கள் மதிப்பதில்லை. முதல் இரண்டு போரையும் அப்படித்தான் போட்டிருந்தோம்.

உகாண்டாவில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் நான் செய்த வேலை சட்டென்று ஞாபகம் வந்தது. அங்கே கேசிங் பைப்பிலேயே வரிசையாகக் கீறல் போட்டு, சுற்றிலும் பொடி ஜல்லி கொட்டி, மேல்மட்டத் தண்ணீரையே உள்ளே வடியவிட்டோம். அது அந்த ஊர் மண்ணுக்கான வேலை என்று நினைத்து, அதை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறியிருந்தேன். எங்கள் காடும் எங்கள் ஊர் ஏரிக்குக் கீழ்ப்பக்கம்தான் இருக்கிறது!

வண்டியை நிறுத்தச் சொன்னேன். கொஞ்சம் தள்ளி, அகலமாகத் துளைக்கும் பெரிய பிட் மாட்டி, கல் தட்டுகிற வரைக்கும் புதுக் குழி போட்டால் போதும் என்றேன். நண்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஓட்டை போட்ட பைப்பை இறக்கினால் ஊரே சிரிக்கும் என்றான். சிரித்தால் சிரிக்கட்டும் என்று கட்டிங் மெஷினை வாங்கி நானே பைப்பில் கீறல் போட்டேன். மனைவியும் மகளும் ஜல்லியைச் சட்டிச் சட்டியாகச் சுமந்து வந்தார்கள்.

கம்ப்ரசரைத் திறந்து காற்றை விட்டதும் முதலில் சேறு வந்தது. பிறகு செம்மண் கலங்கல். பிறகு பளிங்குபோலத் தண்ணீர் எழும்பி, வண்டி, ஆடு, ஆள் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் நனைத்தது. நண்பன் சட்டையைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றுகொண்டான். என் மனைவி இரண்டு கையாலும் ஏந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, அடுத்த வாயை என்னிடம் நீட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, முகமெல்லாம் தண்ணீர்.

அன்றைக்குச் சாயங்காலமே முதலாளியைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தக் கோடை முழுக்க மோட்டார் ஓடியும் தண்ணீர் வற்றவில்லை. ஆடு மேய்ந்த பொட்டலில் இப்போது மரவள்ளியும் மஞ்சளும் நிற்கின்றன. புகை வந்த காட்டுக்காரர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். எல்லா இடத்திலும் தண்ணீர் கிடைப்பதில்லை. ஆனால் கிடைக்கிற இடத்தில் அதை அடைக்காமல் விடுகிறேன். சிரிப்பார்கள் என்று சொன்ன நண்பனின் வண்டியில் இப்போது எப்போதும் கீறல் போட்ட பைப் கிடக்கிறது.

வெளிநாடா, சொந்த ஊரா, எது மேல் என்று ரிக் வேலைக்குக் கிளம்பும் ஊர்ப் பையன்கள் கேட்கும்போது என்னால் ஒரு பக்கமாகச் சொல்ல முடிவதில்லை. நான் மூன்று நாடு சுற்றியிராவிட்டால் அந்த வேலை எனக்குத் தெரிந்திருக்காது. என் மனைவி காட்டை விட்டு நகராமல் நின்றிருக்காவிட்டால், தெரிந்த வேலையைச் செய்ய எனக்குக் காடே இருந்திருக்காது.