லீவு என்ற சொல்லும் ஒரு வெள்ளிக்கிழமையும்

கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பல வருஷமாக நான் பார்க்கிற வேலை, லீவு லெட்டர் வாங்குவது. நான் கையெழுத்துப் போட்டால் லீவு உண்டு, போடாவிட்டால் கிடையாது. சின்ன அதிகாரம்தான். ஆனால் சின்ன அதிகாரம் உள்ளவனுக்குத்தான் வாய் நீளம் என்பதற்கு என்னையே சாட்சி வைக்கலாம்.

லீவு தமிழ்ச் சொல் இல்லை என்று எங்கள் பக்கம் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிறார்கள், ஆபீசுக்கு லீவு போடுகிறார்கள், சவுதியிலிருந்து மாப்பிள்ளை லீவில் வருகிறார். இத்தனை புழங்குகிறதே என்று, பாளையங்கோட்டை பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடி ஆங்கில அகராதியை ஒருநாள் புரட்டினேன். பார்த்தால் அது ஒரே சொல் இல்லை, இரண்டு. விட்டுப் போவது, மிச்சம் வைப்பது, செத்தவர் சொத்தை விட்டுச் செல்வது எல்லாம் ஒரு வேர். அனுமதி என்று பொருள்படும் லீவு வேறு வேர். லவ் என்ற சொல்லுக்கு அது தூரத்துச் சொந்தம். மனசார, பிரியமாகச் சரி என்று சொல்வதுதான் ஆதியில் லீவாம். போகப்போக இரண்டும் ஒரே உச்சரிப்புக்கு வந்துவிட்டன. மரத்து இலைகளைக் குறிக்கும் லீவ்ஸ் மூன்றாவது கதை.

கண்டுபிடிப்பை ஆபீசில் சொல்லிப் பெருமையடித்தேன். பக்கத்து மேசைக்காரர் விடவில்லை. "லவ்வா? அப்ப நீரு ஏன் வே கையெழுத்துப் போடும்போது கடுகு தாளிக்க மாதிரி வெடிக்கீரு?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெடிப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் கம்பெனியில் லெட்டர் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் மனப்பாடம் செய்துவைத்ததோ ஒரே ஒரு லீவு லெட்டர்: எனக்குக் காய்ச்சல், ஆகவே விடுப்பு அளியுங்கள். அதைத் தாண்டி ஒரு காரணம் எழுத யாருக்கும் கை வராது. மச்சினி கல்யாணமா, காய்ச்சல். கோயில் கொடை விழாவா, காய்ச்சல். ஸ்ரீவைகுண்டத்துப் பையன் ஒருவன், ஆற்றில் வெள்ளம் வந்து வயலில் வாழை சாய்ந்ததற்கும் காய்ச்சல் என்றே எழுதினான். நாள் பூராவும் இதையே படித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

பேட்டையிலிருந்து வருகிற ஒரு பெண், பேக்கிங் பிரிவில் வேலை. ஒரு புதன்கிழமை லெட்டர் நீட்டினாள். வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு வேண்டும், காரணம், காய்ச்சல். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்த நேரம் அது.

"ஏம்மா, வெள்ளிக்கிழம வரப்போற காய்ச்சல் புதன்கிழமையே தெரியுதா? வாரேன்னு ஒனக்கு போன் போட்டுச் சொல்லிச்சோ?"

சுற்றியிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவளும் முதலில் கொஞ்சம் சிரித்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்ல சார்..."

"இல்லன்னா உள்ளதச் சொல்லு."

எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல சார்" என்று லெட்டரை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். லீவு வாங்காமல் வேலைக்கு வராமல் நின்றால், ஒப்பந்தக்காரியான அவளுக்கு அடுத்த ஆறு மாதத்துக்கு ஒப்பந்தம் நீட்ட மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்குச் சரியாக வந்துவிட்டாள். பார்த்தாயா, காய்ச்சலாவது ஒன்றாவது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வருகைப் பதிவேட்டோடு பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளர் அம்மா வந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் புள்ளைக்கு லீவு குடுக்கலியாமே?"

"பொய் சொல்லுதா. குடுக்கணுமாக்கும்?"

"அவ மாப்பிள்ள மூணு வருசங்கழிச்சு ஒரு மாச லீவுல வந்திருந்தாரு. நேத்து சவுதிக்குத் திரும்பிட்டாரு. வழியனுப்பத்தான் கேட்டிருக்கா. அத்தன ஆம்பளையளுக்கு முன்னால வச்சு, புருசன வழியனுப்பணும்னு எப்படிச் சொல்லுவா?"

எனக்குச் சுருக்கென்றது. அட பாவி மனுஷா, உள்ளதைச் சொல் என்று மிரட்டினாயே, சொல்ல ஒரு இடம் கொடுத்தாயா என்று என்னையே ஏசிக்கொண்டேன். ஒரு சொல்லின் வேரெல்லாம் தேடிப் பார்த்தவன், அதை லெட்டரில் எழுதிக்கொண்டு வந்து எதிரே நின்றவளின் முகத்தைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு, இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

திங்கட்கிழமை நானே பேக்கிங் பிரிவுக்குப் போனேன். அவளோடு ஏழெட்டுப் பெண்கள் நின்று பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் முன்னால் பேசிய பேச்சுக்கு நாலு பேர் முன்னால்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும்?

"தப்பு எம்மேலதாம்மா. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ. லெட்டரே வேண்டாம்."

"இனி எதுக்கு சார் லீவு?" என்றாள். குரலில் கோபமே இல்லை. இன்னும் ஒரு பெட்டியை ஒட்டி முடித்துத் தள்ளிவிட்டாள். பிறகு தானாகவே சொன்னாள்.

"ஷிப்ட் முடிஞ்சு வெளிய வந்து போனை எடுத்துப் பாக்கையில அவிய பிளைட் கெளம்பிட்டு சார். வழியனுப்ப வேண்டியவ நான். அன்னைக்கு விடியக்காலைல பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வந்து, அவியதான் என்னைய கம்பெனி பஸ்ல ஏத்தி விட்டாவ."