எந்தக் கோவில்?

சங்கரன்கோவிலில் ஒன்றிய அலுவலக மேலாளராக நான் பணியாற்றிய எண்பதுகளின் பிற்பகுதியில், என் மேசையைப் பார்த்து என் மதம் இன்னதென்று எவரும் சொல்லிவிட முடியாது. அதில் எனக்குப் பெருமை உண்டு. பாளையங்கோட்டையில் பொருளியல் பட்டம் பெற்று, எவர் சிபாரிசும் இன்றி அந்த நாற்காலிக்கு வந்தவன் நான். பைபிள் வசனம் அச்சிட்ட நாட்காட்டியை அலுவலகச் சுவரில் மாட்டியதில்லை. கிறிஸ்தவர்களான எங்களை ‘வேதக்காரர்’ என்று குறிப்பிடும் ஊர் அது. வேதக்காரர் ஒருதலையாக நடந்துகொண்டார் என்ற பேச்சு மட்டும் என்மேல் விழக்கூடாது என்பதில் கண்ணும் கருத்துமாக இருந்தேன்.

அந்த ஆண்டு மழை பொய்த்துவிட்டது. பொதுநிதியில் எஞ்சியதைக் கொண்டு ஒரு கிராமத்தில் ஒரே ஓர் ஆழ்துளைக் கிணறு தோண்டி அடிபம்பு வைக்கலாம். அதை அவ்வூரில் எங்கே வைப்பது என்பதே ஒன்றியக் குழுக் கூட்டத்தில் எழுந்த விவாதம். பலசரக்குக் கடை வைத்திருந்த மூத்த உறுப்பினர் ஒருவர், எல்லோருக்கும் அண்ணாச்சி, சாலையோர அம்மன் கோவில் அருகே வேண்டும் என்றார். ஆடித் தவசுத் திருவிழாவுக்கு நடந்து வருகிறவர்கள் இளைப்பாறும் இடம் அது. பருத்தி விவசாயியான மற்றோர் உறுப்பினர், ஊருக்குள் இருந்த கீழத்தெருவைக் கேட்டார்.

“தவசுக்கு வார சனம் தொண்டை காஞ்சு போகுதுவே. தாகத்துக்குத் தண்ணி குடுக்கதுதான் தர்மம். அந்தத் தர்மம் சர்க்காருக்குக் கெடையாதா?” என்றார் அண்ணாச்சி.

“சனம் வாரது ஆடியில மட்டும். கீழத்தெருப் பொம்பளைய வருசம் பூரா கொடத்தத் தூக்கிட்டு அலையுதாங்க. அவங்களுக்குத் தர்மம் கெடையாதோ?”

“நீரு சாமி கும்பிடாத ஆளு. பேசத்தான் செய்வீரு.”

“நல்லாக் கும்பிடுதேன் அண்ணாச்சி. அந்த அம்மன் இதுவரைக்கும் எங்கிட்டத் தண்ணி கேக்கலையே!”

கூடம் சிரித்தது. ஒன்றியத் தலைவர் என் பக்கம் திரும்பினார். “மேனேஜர் சார், நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்கள்லா. எங்கன கஷ்டம் ஜாஸ்தி?”

“கோவிலை ஒட்டின பகுதியிலதான் சார், ரொம்பக் கஷ்டம்” என்றேன்.

அண்ணாச்சி மேசையைத் தட்டினார். “கேட்டீரா! படிச்சவரு சொல்லுதாரு, கோவில் பக்கம்னு!”

“அப்பம் கோவில் பக்கமே போட்ருவோம்” என்றார் தலைவர். எழுத்தரின் பேனா ஓடத் தொடங்கியது.

அதன் பிறகே எனக்கு உறைத்தது. நான் கருதியது கீழத்தெரு முனையில் இருந்த தேவாலயத்தை. அந்த ஊரில் மற்றவர்கள் அதை ‘வேதக்கோவில்’ என்பார்கள். எங்கள் குடும்பங்களிலோ அது வெறும் கோவில். ஞாயிறுதோறும் நாங்கள் ‘கோவிலுக்கு’த்தான் போகிறோம். அலுவலகத்தில் ஒருநாளும் நுழையவிடாத வீட்டுச் சொல் அன்று என் நாவில் வந்து நின்றுவிட்டது. வாயை மூடிக்கொண்டால் கீழத்தெருவுக்குத் தண்ணீர் இல்லை. திறந்தால், இத்தனை ஆண்டுகள் நான் காத்த நடுநிலை அந்தக் கூடத்திலேயே கேலிக்குள்ளாகும். எழுந்து நின்றேன்.

“மன்னிக்கணும். நான் சொன்னது கீழத்தெரு முனையில இருக்கிற வேதக்கோவில்.”

அண்ணாச்சி மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். “ஓஹோ! அப்பம் போரு உங்க கோவிலுக்கா சார்?”

“கோவிலுக்கு இல்ல. தெருவுக்கு.”

“அந்தத் தெருவுல வேதக்காரங்க எத்தன வீடு?”

“அத நான் விசாரிக்கல. கொடம் தூக்கிட்டு வாரவங்ககிட்ட அதக் கேக்கது என் வேலையில்ல.”

குரல் உறுதியாகவே இருந்தது. தலைவர் கைதூக்கச் சொன்னார். நூலிழையில் கீழத்தெரு வென்றது. வெளியேறும்போது அண்ணாச்சி என்னருகே நின்றார். “தண்ணி வந்தாச் சரி. வரலன்னா ஊரு என்ன சொல்லும்னு உங்களுக்கே தெரியும் சார்.”

தெரிந்திருந்தது. நிலத்தைச் சோதித்து இடம் குறித்தவர் அரசுப் பொறியாளர்தான். ஆனாலும் பூமி வறண்டுபோனால் அவர் பெயரை யாரும் சொல்லப் போவதில்லை. ‘வேதக்காரர் தம் கோவிலுக்காக ஊர்ப் பணத்தைப் பாழாக்கினார்’ என்ற வாக்கியத்தை அந்த வாரம் முழுதும் எத்தனையோ குரல்களில் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அலுவலகக் காரியம் எதற்காகவும் ஜெபிப்பதில்லை என்று நான் வைத்திருந்த கட்டுப்பாடும் உடைந்தது. தண்ணீருக்காக வேண்டினேனா, என் பெயருக்காக வேண்டினேனா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை.

துளையிட்ட நாளில் அண்ணாச்சியும் குடையோடு வந்திருந்தார். இயந்திரம் நெடுநேரம் வெள்ளைப் பாறைத்தூளையே உமிழ்ந்தது. நான் அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். பிறகு தூள் நனைந்து சேறாயிற்று. சேற்றின் பின்னால் தண்ணீர் பீறிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள்.

கலங்கல் சற்றுத் தெளிந்ததும் அண்ணாச்சி குனிந்து இரு கையாலும் ஏந்தி வாய் கொப்பளித்துத் துப்பினார். “லேசா உப்புக் கரிக்கு. குடிக்கலாம்.” பின்பு, சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, “அடுத்த வருசம் எங்க ரோட்டோரத்துக்கு எழுதுங்க சார். எழுதும்போது எந்தக் கோவில்னு தெளிவா எழுதிருங்க, என்ன?” என்றார்.

சிலர் சிரித்தார்கள். குத்திக்காட்டுகிறாரா, சமாதானம் சொல்கிறாரா என்பது அவர் முகத்தில் தெரியவில்லை. “ஆகட்டும்” என்று மட்டும் சொன்னேன். யார் யார் சிரிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே ஜீப்பை நோக்கி நடந்தேன்.