தேரியில் பிடித்த குதிரை

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பது வருடம் ஜட்கா ஓட்டியவன், வேளை கெட்ட வேளையிலெல்லாம் சுடுகாட்டு வழியே வந்திருக்கிறேன், தூக்கம்தான் வந்ததே தவிர பயம் வந்ததில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும் என்று சொல்லவில்லை. சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், வாதாட எனக்குத் தெம்பில்லை.

நாற்பதுகளில், சண்டைக்காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடி வழியில் நின்றுபோக, தூத்துக்குடியில் ஜட்காவுக்கு ஓய்வே கிடையாது. அந்த நேரம் பார்த்து என் குதிரை வயிறு உப்பிச் செத்தது. வேறு வாங்க வழியில்லை. வீட்டில் ஐந்து பிள்ளைகள். துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனேன், நாலாம் நாள் முழங்கால் மடங்கவில்லை. குதிரை கிடைத்தால்தான் இனி அடுப்பு எரியும் என்று ஆகிவிட்டது.

அதனால்தான் என் மனைவியின் தம்பி சுடலையைக் கூட்டிக்கொண்டு தேரிக்குப் போனேன். திருச்செந்தூருக்கு மேற்கே சாத்தான்குளம் போகிற வழியில் செம்மணல் மேடும் பனையுமாகக் கிடக்கும் காடு அது. வண்டி இழுக்க முடியாத கிழட்டுக் குதிரைகளைக் கொல்ல மனசில்லாமல் அங்கேதான் அவிழ்த்து விடுவோம். பாதி செத்துப்போகும். பிழைத்தவை குட்டி போட்டுக் கூட்டமாகத் திரிந்தன. வயதான பெட்டை ஒன்று முன்னால் போகும், ஆண் குதிரை கடைசியில் காவலாக வரும், மனித வாடை பட்டால் கூட்டமே மறைந்துவிடும். கோடையில் குளம்பால் மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குடிக்கும். அப்படி ஒரு ஊற்றுக்குப் பக்கத்தில் உடைமரத்தடியில் கயிற்றோடு படுத்துக்கிடந்தோம்.

இரண்டாம் நாள் உச்சிவெயிலில் கூட்டம் வந்தது, எங்கள் வாடை பட்டது, சிதறி ஓடியது. எல்லாம் வீண் என்று அலுத்துப்போய் எழுந்தேன். ஒரே ஒரு குட்டி, இரண்டு வயது இருக்கும், ஓடாமல் நின்றது. பிடரியெல்லாம் முள். நேராக என்னிடம் வந்து, நான் பிடித்திருந்த சுருக்குக்குள் தானே தலையை விட்டது.

“அத்தான், விட்ருங்க. காட்டுல பொறந்தது இப்பிடி வராது,” என்றான் சுடலை.

“ஏலே, வந்துட்டுல்லா. பேசாம நட,” என்றேன். வீடு வரைக்கும் அது ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் லாடக்காரர் வந்தார். காலைத் தூக்கிப் பார்த்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இதுக்கு முந்தி யாரு லாடம் அடிச்சா? ஆணி ஓட்டை புதுசால்லா இருக்கு.”

குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்து தேயும், பழைய ஓட்டை தங்காது. மனிதக் கையே படாத குதிரை அது. குனிந்து பார்த்தேன். மூன்று குளம்பில் ஓட்டை. இடது பின்னங்கால் மட்டும் சுத்தமாக இருந்தது.

சுடலைக்குக்கூடச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். தேரியில் விடும்போது நாலு லாடத்தையும் கழற்றிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கழற்றாவிட்டால் குளம்பு வளர்ந்து, லாடம் இறுகி, தண்ணீர் தேடி நடக்கமுடியாமல் சாகும். மூன்று வருடத்துக்கு முன்பு, பன்னிரண்டு வருடம் எனக்கு உழைத்த வெள்ளைச்சியை விட்டபோது இடது பின்னங்கால் லாடத்தை மட்டும்தான் கழற்றினேன். அன்றைக்கு அவ்வளவு அலுப்பு. மற்றது தானாக விழும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். கனைத்துக்கொண்டே கொஞ்ச தூரம் பின்னால் வந்தாள்.

“அடிக்கவா, வேண்டாமா?” என்றார் லாடக்காரர்.

பிள்ளைகள் ஐந்தும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

“அடிங்க,” என்றேன்.

அதன் பிறகு நடந்ததுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை. அவர் குனிவதற்குள் அந்தக் குதிரை முன்னங்காலைத் தூக்கி என் கையில் வைத்தது. லாடம் கழற்றப் பழகிய குதிரை அப்படித்தான் கால் கொடுக்கும். வெறும் குளம்பு, கழற்ற அதில் ஒன்றும் இல்லை. நான் அந்தக் காலை விடாமல் பிடித்துக்கொண்டேன், லாடக்காரர் ஆணியை இறக்கினார்.