லேபிளில் விடுபட்ட எழுத்து

பூருல்சா அக்கா பன்னிரண்டு வருடம் எங்கள் கராசாஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். தொண்டையில் முடிச்சு வந்து குரல் கம்மிப்போனதும் வகுப்பில் கத்த முடியாமல் வேலையை விட்டார். எங்கள் மருத்துவமனையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது, "கத்த வேண்டாத வேலைன்னா சரி" என்று வந்து சேர்ந்தார். நான் அங்கே ரத்த அறையில் செவிலி.

அவர் வந்த புதிதில் எங்களிடம் இருந்தது ஏதோ ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் வாங்கிக் கொடுத்த மென்பொருள். திட்டம் முடிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை திறந்தால் உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரே ஒரு பெட்டி நின்றது. அதற்குப் பின்னால் அறுநூறு ரத்தக் கொடையாளிகளின் பெயரும் வகையும் அடைபட்டுக் கிடந்தன. எல்லாம் நாங்களே தட்டச்சு செய்து ஏற்றியவை. இரண்டு மாதம், தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, "அண்ணே, உங்க ரத்தம் என்ன வகைன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அக்கா இணையத்தில் ஒரு திறந்த மூல மென்பொருளைக் கண்டுபிடித்தார். ரத்த வங்கிக்கென்றே எழுதப்பட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம். பூட்டு கிடையாது. மூன்று வாரத்தில் அதை நிறுவி, முழுவதையும் எங்கள் மொழியான கிர்கிஸில் மொழிபெயர்த்துவிட்டார். எங்கள் தலைமை மருத்துவர் எசென்குல் திரையைப் பார்த்துவிட்டு, "முதல் தடவையா ஒரு கம்ப்யூட்டர் என்கிட்ட மரியாதையா பேசுது" என்றார்.

ரத்தப் பையின் லேபிளையும் அக்கா மாற்றினார். எங்கள் மலிவு பிரிண்டரில் மைனஸ் கோடு மங்கிப்போகும். ஒரு தடவை அதைப் பிளஸ் என்று நினைத்துவிட்டோம்; கடைசி நிமிடத்தில் தப்பியது. அதனால் குறிகளுக்குப் பதில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்பதைக் கிர்கிஸ் சொல்லாகவே பெரிய எழுத்தில் அச்சாகும்படி செய்தார். நல்ல வேலைதான். அதில்தான் விபரீதம் வந்தது.

ஜனவரியில் அந்த மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா அதை நிறுவினார். எல்லாம் ஓடியது. மறுநாள் பகல் பதினொரு மணிக்கு நஸ்குல் என்ற பெண்ணுக்குப் பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவள் வகை என்னவென்று பார்த்து முடிக்கக்கூட நேரமில்லை. "ஓ வகை கொண்டா, சாய்ரா, ஓடு!" என்று டாக்டர் கத்தினார். நான் குளிர்பெட்டியைத் திறந்து, லேபிளில் ஓ என்று பெரிய வட்டம் தெரிந்த பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கட்டிலருகே அட்டையில் பையிலிருந்து ஒரு சொட்டு ரத்தமும் ஒரு சொட்டு மருந்தும் விட்டு ஆட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஆட்டினேன். ஓ வகை திரளக்கூடாது. தயிர் மாதிரி திரண்டது.

பையை மறுபடி பார்த்தேன். மேலே சின்னதாக 'ஏ' இருந்தது. கீழே பெரிதாக வட்டம். எங்கள் மொழியில் பாசிட்டிவ் என்பது இரண்டெழுத்துச் சொல். முதலெழுத்து வட்டம். நாங்கள் ரஷ்ய எழுத்துகளில்தான் எழுதுகிறோம்; ஆனால் இரண்டாவது எழுத்து அவற்றில் இல்லாதது. எங்களுக்கும் கஸாக்குகளுக்கும் உண்டு. அந்த இரண்டாவது எழுத்தைக் காணோம். வட்டம் மட்டும் நின்று, 'நான் ஓ' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பழைய லேபிள் ஒட்டிய ஓ பைகளைத் தேடி எடுத்து, சோதித்து, நஸ்குலுக்கு ஏற்றினோம். மூன்றாவது பைக்குப் பிறகு அவள் தண்ணீர் கேட்டாள். அதற்குப் பின்னால்தான் நான் அக்காவின் அறைக்குப் போய் அந்தப் பையை மேசைமேல் வைத்தேன்.

அவர் பையை எடுத்தார். லேபிளைப் பார்த்தார்.

"நேத்துலேர்ந்து எத்தனை ஒட்டினோம்?"

"ஒம்பது."

"எல்லாம் பெட்டியிலயே இருக்கா?"

"ரெண்டு இல்லக்கா. காலையில ஜெர்-புலாக் ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு."

ஜெர்-புலாக் பக்கத்துப் பள்ளத்தாக்கு. போன் போட்டோம். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டோம். யாரும் எடுக்கவில்லை. அதற்குள் டாக்டர் எசென்குல் வந்துவிட்டார்.

"அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணும்மா! அவன் பதில் சொல்லட்டும்!"

"கம்பெனி இல்ல டாக்டர். நாலஞ்சு பேர் சும்மா நேரத்துல எழுதறாங்க. உத்தரவாதம் எதுவும் கிடையாதுன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கு."

"அப்போ யாரு பொறுப்பு?"

"நான்தான். சோதிச்சுப் பார்க்காம நான்தானே ஏத்தினேன்?"

டாக்டர் மீதி ஏழு பைகளையும் கையால் சோதிக்கச் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸை எடுக்கச் சொன்னார். அக்கா கோட்டின் பொத்தான்கூடப் போடாமல் ஏறினார். நானும் ஏறினேன். வழியெல்லாம் பனி. டயர் இரண்டு தடவை சறுக்கியது. அக்கா மடியில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மென்பொருளின் உள்வரிகளைத் தேடிக்கொண்டிருந்தார். பாதி வழியில் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'லேபிளில் தேவையற்ற குறிகளை நீக்குதல்' என்று யாரோ ஒருவர் புதிதாகச் சேர்த்த நாலு வரி. அவருக்குத் தெரிந்த எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் துடைத்துவிடும்.

"நம்ம எழுத்து அவருக்குக் குப்பைடி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "பழைய பூட்டுப் போட்ட மென்பொருளா இருந்தா இதைக் கண்ணால பார்த்திருக்கவே முடியாது. பார்த்து என்ன, அங்க பை தொங்கிட்டிருந்தா?"

பை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஜெர்-புலாக்கில் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு ஆளுக்குப் பாதி ஏறியிருந்தது. அக்கா வாசலிலேயே நின்று ஏதோ சொல்ல முயன்றார். அந்தக் குரலில் ஒன்றும் வெளிவரவில்லை. நான்தான் கத்தினேன்.

அங்கே பொறுப்பில் இருந்த செவிலி கலிமான் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "என்னத்துக்கு இப்படிக் கூப்பாடு? ஏ பாசிட்டிவ், அந்த ஆளும் ஏ பாசிட்டிவ். அட்டையில ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் ஏத்தினேன். உங்க மெஷின் ஒட்டின சீட்டை நம்பி ஊசி குத்தறவ நான் இல்ல."

"போன் ஏன் எடுக்கல?"

"ஆள் சாகக் கிடக்கறான், போன்ல கதை பேசவா?"

அக்கா அந்த அட்டையை வாங்கித் தானும் ஒரு தடவை பார்த்தார். கலிமான் தேநீர் கொண்டுவந்து கொடுத்து, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் தட்டையும் நீட்டினார்.

திரும்பி வந்ததும் அக்கா அந்த நாலு வரியைத் திருத்தினார். அதோடு, அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாரும் பார்க்கும் பொதுப் பக்கத்தில் எச்சரிக்கை எழுதினார். ஒரு மணி நேரத்தில் கிசில்-ஓர்தாவிலிருந்து ஒரல்பெக் என்ற கஸாக் ஆள் பதில் போட்டார். அவருடைய மருத்துவமனையிலும் அதே பதிப்பு, பதினோரு பை, எல்லாவற்றையும் எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டதாக எழுதியிருந்தார். அந்தப் பதிலைத்தான் அக்கா திரும்பத் திரும்பப் படித்தார். நாலு வரியை எழுதியவரும் மன்னிப்புக் கேட்டார். உங்கள் மொழியில் அப்படி ஒரு எழுத்து இருப்பதே எனக்குத் தெரியாது என்றார். ஆனால் அக்காவின் திருத்தம் எல்லாருக்குமான பதிப்பில் சேரப் பத்தொன்பது நாள் ஆனது. அதைச் சேர்க்கவேண்டிய அந்த ஆளுக்கு வேறு வேலை இருந்ததாம். யாரைக் கேட்க முடியும்?

இதைத் தூக்கிப்போட்டுவிடலாமா என்று டாக்டர் ஒரு வாரம் யோசித்தார். எல்லாவற்றையும் நோட்டில் கையால் எழுதி வைக்கவும் மனமில்லை. பூட்டுப் போடுகிறவர்களிடம் போகவும் மனமில்லை. கடைசியில் அதையே வைத்துக்கொண்டோம். புதுப் பதிப்பு வந்தால் தனிக் கம்ப்யூட்டரில் பத்து நாள் ஓட்டிப் பார்க்கவேண்டும், எங்கள் எழுத்துகள் எல்லாம் அச்சாகிறதா என்று இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஏற்பாடு.

"நீ இல்லேன்னா யாரு பார்ப்பா, பூருல்சா?" என்று டாக்டர் கேட்டார். அக்கா என்னைக் கைகாட்டிவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார். எனக்குப் பாதிதான் ஏறுகிறது.

அக்காவின் கணவருக்கு தலைநகர் பிஷ்கெக்கில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே தொண்டைக்கும் நல்ல வைத்தியம் கிடைக்கும். எப்போது போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நேற்று, நான் எழுதிய ஒரு வரியால் கொடையாளிப் பட்டியல் முழுவதும் காலியாகத் தெரிந்தது. அவர் வந்துதான் அதைச் சரிசெய்தார்.